ஊவாவின் மழைக்கு எந்தக் கடல் சாட்சி?

பருவமழை சில காலங்களில் ஓங்குகிறது, சில காலங்களில் ஒடுங்குகிறது. இதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வந்திருக்கிறார்கள். நிலத்தின் சூடு, இமயத்தின் பனி, பசிபிக்கின் காற்றழுத்தம், பூமி சூரியனைச் சுற்றும் பாதை என்று விடைகள் மாறின. கடந்த அரை நூற்றாண்டில் புதிய சாட்சியாக வந்து சேர்ந்தது கடலடிச் சேறு. அதில் புதைந்திருக்கும் நுண்ணிய ஓடுகளின் வேதியியலைப் படித்தால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மழையையும் காற்றையும் ஓரளவு கணிக்கலாம் என்று கடல்வேதியியலாளர்கள் காட்டினார்கள்.

அந்த விடைகளை இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் தேயிலை மலைகளிலிருந்து பார்த்தால் அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். ஊவாவிலிருந்து பார்க்கத் தக்க காரணம் உண்டு. பருவப்பெயர்ச்சி பற்றிய கொள்கைகளில் பெரும்பாலானவை தென்மேல் பருவப்பெயர்ச்சியை நடுவில் வைத்து எழுந்தவை. ஊவாவின் நீரோ பெரிதும் வேறு பருவத்தில் வருகிறது.

இரண்டு பருவங்களுக்கு நடுவே ஒரு மலை

மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேல் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மி.மீ. அளவை எட்டுவது இதனால்தான். முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறி, வறண்ட கச்சானாக வீசுகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைத் தோட்டங்களில் கொழுந்து மெதுவாக வளரும், நிறை குறையும். ஆனால் அந்த வறட்சியின் அழுத்தத்தில் இலைக்குள் வாசனைப் பொருள்கள் கூடுகின்றன. மெதைல் சாலிசிலேட்டு அவற்றில் முக்கியமானது. ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குக் கிடைக்கும் பெயர் இந்த வறண்ட காற்றினால் கிடைப்பது.

ஊவாவுக்கு நீர் தருவது ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும், தாழமுக்கங்களும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும். பதுளை நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மி.மீ.; அதில் பெரும்பங்கு இந்த மாதங்களுக்கு உரியது. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் பெருகுவது அப்போதுதான். மண்சரிவு அச்சமும் அப்போதுதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களை மண் மூடியது 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி.

ஆகவே "பருவப்பெயர்ச்சி வலுத்திருந்த காலம்" என்று ஓர் ஆய்வு சொன்னால், ஊவா நனைந்திருந்தது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. தென்மேல் காற்று வலுத்த காலத்தில் ஊவா மேலும் காய்ந்திருக்கவும் கூடும். கீழே வரும் ஒவ்வொரு நிலைப்பாட்டையும் இந்தக் கேள்வியோடுதான் அணுகவேண்டும்.

ஹாலி முதல் வோக்கர் வரை

முதல் பெரிய விளக்கம் 1686இல் எட்மண்ட் ஹாலி தந்தது. கோடையில் நிலம் கடலைவிட அதிகம் சூடேறுகிறது; சூடான காற்று மேலெழ, கடற்காற்று அந்த இடத்தை நிரப்ப வருகிறது; மாரியில் இது தலைகீழாகிறது. பாடநூல்களில் இன்றும் முதலில் வருவது இந்த விளக்கம்தான். ஆனால் ஓராண்டு மழை பொழிந்து மறு ஆண்டு பொய்ப்பதேன் என்பதை இது விளக்கவில்லை.

அந்தக் கேள்வியை அவசரக் கேள்வியாக்கியது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கு வந்தோர் தொகையும் அக்காலத்தில் பெருகியது. மலையக மக்களின் வரலாறு பருவமழை பொய்த்த வரலாற்றோடு பிணைந்திருப்பதால், இந்த ஆய்வுத்துறை அவர்களுக்கு அந்நியமானதல்ல.

இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்ட், இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்த கோடைமழை தளரும் என்று 1884இல் முன்வைத்தார். 1904இல் அப்பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வோக்கர், உலகெங்குமிருந்து திரட்டிய அளவீடுகளை ஒப்பிட்டு, பசிபிக்குக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டு அதற்குத் தென் ஊசலாட்டம் என்று பெயரிட்டார். எல் நினோ பற்றிய இன்றைய அறிவுக்கு அதுவே அடித்தளம்.

இருவருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவர்கள் கையிலிருந்தவை சில பதிற்றாண்டுகளின் அளவீடுகள் மட்டுமே. நூற்றாண்டு, ஆயிரமாண்டு அளவில் நிகழும் மாற்றத்தை அவற்றால் காணமுடியாது. அதற்கு வேறு வகைப் பதிவு தேவைப்பட்டது.

ஓடுகளின் வேதியியல்

ஒட்சிசனுக்கு 16, 18 எனும் நிறையெண்கள் கொண்ட சமதானிகள் உண்டு. கடலுயிர் தன் ஓட்டைக் கட்டும்போது நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப இவ்விரண்டின் விகிதம் மாறும் என்று 1947இல் ஹரல்ட் யூரே காட்டினார். 1955இல் செசாரே எமிலியானி கடலடிப் படிவுகளிலுள்ள போராமினிஃபெரா எனும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளில் அதை அளந்து பனியுகங்களின் வெப்பநிலையை வரைந்தார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கிள்ரன் அந்த வாசிப்பைத் திருத்தினார். எமிலியானி வெப்பநிலை என்று கருதிய மாற்றத்தில் பெரும்பங்கு பனிப்பாளங்களின் அளவு மாறியதால் வந்தது என்பது அவர் வாதம். பனிப்பாளங்கள் இலேசான ஒட்சிசனை அடைத்து வைத்துக்கொள்ள, கடலில் கனமானது மிஞ்சுகிறது.

இந்த வேலையின் நுட்பம் கவனிக்கத் தக்கது. கடலடியிலிருந்து குழாயில் எடுத்த சேற்றைக் கழுவிச் சலித்தால் மணல்போல ஓடுகள் எஞ்சும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. நுணுக்குக்காட்டியின் கீழ், ஈரமாக்கிய மெல்லிய தூரிகை நுனியால் ஓரினத்தின் ஓடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். அவற்றை அமிலத்தில் கரைத்து, வெளிவரும் காபனீரொட்சைட்டை நிறைநிறமாலைமானிக்குள் செலுத்தி விகிதத்தை அளக்கிறார்கள். ஒரு சென்ரிமீற்றர் சேறு சில நூறு ஆண்டுகளைக் குறிக்கலாம்.

வங்காள விரிகுடாவுக்கு வரும்போது இன்னொரு காரணியும் சேர்கிறது. மழையும் ஆறுகளும் கொட்டும் நன்னீர் மேற்பரப்பின் உப்பைக் குறைக்கிறது. அந்த நன்னீரில் இலேசான ஒட்சிசன் கூடுதல். எனவே ஓட்டில் உள்ள ஒரே எண்ணுக்குள் வெப்பம், பனியின் அளவு, உப்புத்தன்மை மூன்றும் கலந்திருக்கின்றன. ஓட்டின் மக்னீசியம், கல்சியம் விகிதத்தால் வெப்பத்தைத் தனியே கணித்துக் கழிக்கும் முறை பின்னர் வந்தது. பிழை எல்லை குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை.

சூரியனா, தென்கடலா?

பூமியின் அச்சு தலையாட்டுவதால் ஏறத்தாழ 23,000 ஆண்டுச் சுழற்சியில் கோடை வெயிலின் வலு கூடிக் குறைகிறது. 9,000 ஆண்டுகளுக்கு முன் வடகோளத்தின் ஜூலை வெயில் இன்றையதைவிட ஏறத்தாழ 7 வீதம் அதிகம். ஜோன் குட்ஸ்பாக் 1981இல் இதைக் கணினி மாதிரியில் செலுத்தியபோது பருவப்பெயர்ச்சி வலுத்தது. சூரிய வெயிலே முதற்காரணம் என்ற நிலைப்பாட்டுக்கு அது பெரும் ஆதாரமானது. சீனாவின் ஹூலு குகையின் சுண்ணப்படிவுகளும் பின்னர் வெயிலோடு ஏறத்தாழ ஒத்து ஏறி இறங்கின.

ஸ்டீவன் கிளெமென்ஸும் வாரன் பிரெல்லும் அவர்களுடைய தோழர்களும் 1991இல் வேறுவிதமாகச் சொன்னார்கள். அரபிக்கடல் படிவுகளில் பருவப்பெயர்ச்சியின் உச்சம் வெயிலின் உச்சத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியே வருகிறது. ஆகவே தென் இந்து சமுத்திரத்திலிருந்து வரும் ஈரத்தின் உள்ளுறை வெப்பமும் பனிப்பாளங்களின் அளவும் சேர்ந்தே அதை இயக்குகின்றன என்பது அவர்கள் வாதம். 2014 நவம்பரில் தொடங்கிய 353ஆவது சர்வதேசக் கடலடி ஆய்வுப் பயணம் வங்காள விரிகுடாவில் துளையிட்டது. அதில் கிடைத்த படிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, கடந்த 9 இலட்சம் ஆண்டுகளின் தெற்காசியக் கோடைமழையில் காபனீரொட்சைட்டு, பனியின் அளவு, தென்கோள ஈரம் ஆகியவற்றின் பங்கை வலியுறுத்துகிறது.

இரு தரப்புக்கும் குறைகள் உண்டு. குகைப்படிவின் ஒட்சிசன் அங்கே பெய்த மழையின் அளவைக் காட்டுகிறதா, மேகம் வழியில் எங்கெல்லாம் பெய்து வந்தது என்பதைக் காட்டுகிறதா என்ற ஐயம் தீரவில்லை. கடற்படிவின் பிந்துகை மழையினுடையதா, கடலுயிர்களின் வாழ்நிலையினுடையதா என்ற ஐயமும் அப்படியே நிற்கிறது. ஊவாவின் பார்வையில் இன்னொன்றும் சொல்லவேண்டும்: இரு தரப்பும் வாதிடுவது கோடைமழை பற்றியே.

அரபிக்கடல் வைத்திருக்கும் காற்றின் கணக்கு

தென்மேல் காற்று சோமாலியா, ஓமான் கரைகளில் மேல்நீரை விலக்க, அடியிலிருந்து குளிர்ந்த சத்துநீர் எழுகிறது. குளோபிஜெரினா புல்லோய்டிஸ் எனும் போராமினிஃபெரா அந்த நீரில் பெருகும். அதன் ஓடுகள் மிகுந்த அடுக்கு, வலுத்த காற்றின் காலம். அனில் குப்தாவும் தோழர்களும் 2003இல் இந்த வழியாக, கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தளர்ந்த தருணங்கள் வட அத்திலாந்திக்கின் குளிர்க் கட்டங்களோடு ஒத்துவருவதாகக் காட்டினர்.

நைதரசன் இன்னொரு சாட்சி. சத்துநீர் எழுந்தால் உயிர்ப்பெருக்கம் கூடும். அவை இறந்து மட்கும்போது கீழ்நீரின் ஒட்சிசன் தீரும். அப்போது பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் பயன்படுத்தி நைதரசன் வாயுவாக வெளியேற்றும். அவை இலேசான நைதரசனையே முதலில் எடுப்பதால் எஞ்சும் நைத்திரேற்றில் கனமானது கூடுகிறது. மார்க் அல்ராபெற்றும் தோழர்களும் 1995இல் அரபிக்கடல் படிவுகளில் இதை அளந்து, பனியுகங்களில் இச்செயல் ஒடுங்கி, வெப்பக் காலங்களில் ஓங்கியதைக் காட்டினர்.

இரண்டும் வலுவான சான்றுகள். ஆனால் இரண்டும் முதலில் சொல்வது காற்றையும் கடலின் உற்பத்தியையும் பற்றி. காற்று பலமாக வீசிய ஆண்டெல்லாம் மழை மிகுந்த ஆண்டல்ல என்பதைக் கச்சானை அறிந்த ஊவாவுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரமேஷும் மாரிக்காலக் கடலோட்டமும்

மாரிப் பருவத்தைப் பற்றிய ஆய்வில் முக்கியமான பெயர் ரெங்கசாமி ரமேஷ். தமிழ்நாட்டில் பிறந்தவர், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர், 1998இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். காஷ்மீரத்து மரவளையங்கள், குகைப்படிவுகள், நீலகிரிச் சதுப்புகள், கடற்படிவுகள் எனச் சமதானி வேதியியல் தொடும் பெரும்பாலான இயற்கைப் பதிவுகளில் அவர் உழைத்திருக்கிறார்.

பிரெஞ்சு ஆய்வாளர் ஜான்-குளோட் டுப்ளெசி 1982இல், கடைசிப் பனியுகத்தில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தளர்ந்து வடகீழ் வலுத்திருந்தது என்று முன்வைத்திருந்தார். 1990இல் அனிந்தியா சர்க்கார், ரமேஷ் முதலியோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அதை உறுதிப்படுத்தியது. வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரை இலங்கையின் தெற்குக் கரையைச் சுற்றி இந்தியாவின் மேற்குக் கரைக்குத் தள்ளுகிறது. கிழக்கு அரபிக்கடலின் பனியுக ஓடுகளில் அந்த நீரின் அடையாளம் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே மாரிக்கால ஓட்டம் அப்போது வலுத்திருக்க வேண்டும் என்பது முடிவு. 2005இல் மனிஷ் திவாரி, ரமேஷ், சோமயாஜுலு முதலியோர் 19,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முன்பும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி வலுத்ததாகக் கண்டனர்.

ஊவாவுக்கு மிக நெருங்கிவரும் நிலைப்பாடு இதுதான். இருந்தும் எச்சரிக்கை வேண்டும். ஓட்டம் வலுத்தது என்பது காற்றின் செய்தி. பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணை நிலமாக இருந்தது, கடலும் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த கடலைக் கடந்துவந்த காற்று எவ்வளவு ஈரம் சுமந்திருக்கும் என்பது தனிக் கேள்வி.

மலை சொல்வது

இக்கேள்விக்கு மலையிலிருந்தே கிடைத்த சான்று ஹோர்ட்டன் சமவெளியுடையது. ஒஹியப் புகையிரத நிலையத்துக்கு மேலே, 2,100 மீற்றருக்கும் உயரத்தில், ஊவாவின் எல்லையை ஒட்டி அது கிடக்கிறது. அங்குள்ள சதுப்பில் செடிகொடி மட்கி அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண்ணைத் தோண்டி எடுத்து, ரத்னசிறி பிரேமதிலகவும் யான் ரிஸ்பெர்க்கும் 2003இல் 24,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறொன்றை வெளியிட்டனர். மகரந்தம் முதலான பல சான்றுகளை ஒருங்கே வைத்து அவர்கள் கண்டது: கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அந்த உயரம் வறண்டிருந்தது, ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் கூடத் தொடங்கியது, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மீண்டும் சில ஆயிரம் ஆண்டுகள் வறட்சி நோக்கிப் போனது.

நீலகிரியிலும் ஒத்த கதை. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் அங்குள்ள சதுப்பு மண்ணின் காபன் சமதானிகளை அளந்தனர். ஈரத்தை நாடும் மரஞ்செடிகளின் காபன் விகிதம் ஆயிரத்துக்கு மைனஸ் 27ஐ ஒட்டியும், வறட்சி தாங்கும் புற்களுடையது மைனஸ் 13ஐ ஒட்டியும் இருக்கும். பனியுக உச்சத்தின் மண்ணில் புல்லின் கை ஓங்கியிருந்தது.

இங்கேதான் முரண் எழுகிறது. கடல், வடகீழ்க் காற்று வலுத்திருந்தது என்கிறது. மலை, வறண்டிருந்தது என்கிறது. இதற்கு மூன்று வகையில் விளக்கம் சொல்லலாம். காற்று வலுத்தும் ஈரம் குறைந்திருக்கலாம். ஹோர்ட்டன் சமவெளி இரு பருவங்களுக்கும் பொதுவான முகட்டில் இருப்பதால், தென்மேல் மழையின் இழப்பே அங்கு மேலோங்கித் தெரிந்திருக்கலாம். அப்படியானால் கீழே ஊவாச் சரிவு அவ்வளவு காயாமலும் இருந்திருக்கலாம். பனியுகத்தில் காற்றின் காபனீரொட்சைட்டு குறைந்திருந்ததால், மழை குறையாமலே புல் பெருகியிருக்கவும் இடமுண்டு.

மனிதக் கையும் கணக்கில் வரவேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் காடெரிப்பும் தானியப் பயிர்ச்செய்கையின் தொடக்கமும் மிகப் பழையவை என்று பிரேமதிலக வாதிட்டார். காட்டுப் புல்லின் மகரந்தத்தையும் தானிய மகரந்தத்தையும் பிரித்தறிவது கடினம் என்பதால் அந்த வாதம் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் காலநிலையால் வந்தவையா, மீண்டும் மீண்டும் மூட்டிய தீயால் வந்தவையா என்ற பழைய விவாதமும் இதனோடு சேர்ந்தது.

மழைமானியின் காலம்

1870கள் முதல் இலங்கையின் முதன்மை நிலையங்களில் மழை முறையாகப் பதிவாகிறது. பின்னர் தோட்டங்கள் பலவும் தங்கள் மழைக்கணக்கை நாள்தோறும் எழுதி வந்தன. ராமசாமி சுப்பையா இந்தப் பதிவுகளைத் தென் ஊசலாட்டத்தோடு ஒப்பிட்டு, அதன் விளைவு பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டினார். லரீப் ஸுபைரும் செஸ்டர் ரொப்பெலெவ்ஸ்கியும் 2006இல், எல் நினோவுக்கும் இலங்கை, தென்னிந்திய வடகீழ் மழைக்கும் உள்ள தொடர்பு வலுத்துவருவதாக எழுதினர். இந்தியாவின் கோடைமழையைத் தளர்த்தும் அதே எல் நினோ, ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழையைக் கூட்டும் போக்குடையது. சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் 1999இல் விவரித்த இந்து சமுத்திர இருமுனை ஊசலாட்டத்தின் நேர்க்கட்டமும் அதே பக்கம் சாய்கிறது.

இரு பருவங்களும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும் என்று பனியுக ஓடுகள் காட்டியதை, மழைமானியும் வேறு காலஅளவில் காட்டுகிறது என்பது குறிப்பிடத் தக்கது. ஆனால் இரண்டுக்கும் இயக்கம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஒன்று ஆண்டுக்கணக்கு, மற்றது ஆயிரமாண்டுக் கணக்கு.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றில் ஓரளவு உறுதியாகச் சொல்லத் தக்கவை மூன்று. கடைசிப் பனியுகத்தில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தளர்ந்திருந்தது என்பதில் கடலும் மலையும் உடன்படுகின்றன. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றையதைவிட வலுத்திருந்தது என்பதற்கும் பலவகைச் சான்றுகள் உண்டு. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தென்மேலின் நிழல்போல உடன் ஏறி உடன் இறங்குவதல்ல என்பதும் ஏற்கத் தக்கது.

திறந்திருப்பவை அவற்றைவிட ஊவாவுக்கு நெருக்கமானவை. பனியுகத்தின் வலுத்த வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவில் மழையாக இறங்கியதா? ஒக்ரோபர், நவம்பர் மாதத் தாழமுக்கங்கள் கடந்த ஆயிரமாண்டுகளில் எத்தனை முறை பெருகின? கடல் சூடேறிவரும் இக்காலத்தில் அவை எந்தப் பக்கம் சாயும்? இங்கே எடுத்துக்கொண்ட நீண்ட பதிவுகளில் ஒன்றும் ஊவாவின் கிழக்குச் சரிவிலிருந்தே எடுக்கப்பட்டதல்ல. அரபிக்கடலின் காற்றையும் சீனக் குகையின் மழையையும் பதுளைக்குப் பொருத்திப் பேசும்போது இந்த இடைவெளியை மறக்கக் கூடாது.

வழி அடைபட்டிருக்கவில்லை. கேரளத் தேக்கு மரவளையங்களை மெல்லிய கீற்றுகளாக அறுத்து ஒட்சிசன் சமதானியை அளந்தால், ஒரே ஆண்டுக்குள் கோடைமழையையும் மாரிமழையையும் பிரித்தறிய வாய்ப்புண்டு என்று மனகாவேயும் ரமேஷும் தோழர்களும் 2011இல் காட்டியிருக்கிறார்கள். ஊவாவின் பழைய மரங்கள், சரிவுகளின் சதுப்புகள், பழைய மண்சரிவுகள் விட்டுச்சென்ற படிவுகள் ஆகியவற்றில் அத்தகைய அளவீடு நடந்தால், வங்காள விரிகுடாவின் ஓடுகள் சொல்வதை அருகில் வைத்துச் சரிபார்க்கலாம். தோட்டங்களின் மழைக்கணக்குப் புத்தகங்கள் அந்த வேலைக்கு அளவுகோல். அவை கறையானுக்கு இரையாகுமுன் படியெடுத்துப் பேணப்பட வேண்டும்.

சரிவுகளில் லயங்கள் இருக்கும்வரை இது ஏட்டுக் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. எந்த மாதத்து மழை, எந்தக் கடலின் சூட்டால், எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு இன்றைய அறிவு தரும் விடை பாதி விடையே. மறு பாதியை ஊவாவின் மண்ணிலும் மரத்திலும் தேடவேண்டும்.